அறுத்துக் கொடுத்த மட்டை

ஒரு பெண்ணுக்கு மணிக்கட்டில் வலு இல்லை என்று சொல்கிறீர்களே, அவள் கையில் நீங்கள் கொடுத்த மட்டையை ஒரு தடவையாவது வளைத்துப் பார்த்திருக்கிறீர்களா?

எங்கள் ஆஷ்வெல்லில் யாரும் பார்த்ததில்லை. ஊருக்கு ஒரே ஒரு ஐஸ் ஹாக்கி அரங்கம். அதில் நுழைந்ததும் இடப்பக்கம், சறுக்குக் காலணியான ஸ்கேட்டைக் கூர் தீட்டும் மேடை. மேடையின் ஓரத்தில் மட்டையை இறுக்கிப் பிடிக்க ஓர் இரும்புப் பிடி. அதன் பக்கத்தில் சங்கிலி போட்டுக் கட்டிய ரம்பம். யாரும் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதற்காகச் சங்கிலி. சீசன் தொடங்குகிற சனிக்கிழமை அப்பாக்கள் அங்கே வரிசையில் நிற்பார்கள். கையில் தங்கள் பழைய மட்டை, பக்கத்தில் பிள்ளை. ஸ்கேட்டைக் கழற்றி நின்றால் மட்டை முகவாய்க்கு எட்ட வேண்டும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பிள்ளையின் முகவாய்க்கு நேராகக் கோடு போட்டு, மிச்சத்தை அறுத்துவிடுவார்கள். முடிந்தது வேலை.

நீளமான கொம்பை வளைப்பது சுலபம். அதையே அறுத்துக் குட்டையாக்கினால் விறைத்துக்கொண்டு நிற்கும். இது தெரியாதவர்கள் இல்லை எங்கள் ஊர்க்காரர்கள். வேலிக் கம்பு நட்டவர்கள், கொட்டகை கட்டியவர்கள். ஆனாலும் மட்டை என்று வந்துவிட்டால் ஒருவருக்கும் இது தோன்றவில்லை.

லோரெல் ஷெவ்சுக் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். எங்கள் பெண்கள் அணியான மேக்பைஸில் வலது முனையில் ஆடினாள். நான் அதே அணியில் தற்காப்பில் ஆடுகிறேன், அதனால் இதைச் சொல்கிறேன். வேகம் என்றால் வேகம். ஐஸில் வழுக்கும் ரப்பர் வட்டை எதிராளியின் காலடியிலிருந்து திருடிக்கொண்டு வருவதில் இந்த வட்டாரத்தில் அவளுக்கு நிகரில்லை. ஆனால் கோலுக்கு முன்னால் வந்துவிட்டால் அடிக்க மாட்டாள், பக்கத்தில் இருப்பவளுக்குத் தள்ளிவிடுவாள். அடித்தால் வட்டு ஐஸை விட்டு எழும்பாது. வழுக்கிக்கொண்டே போய்க் கோல்கீப்பரின் மட்டையில் முட்டி நிற்கும். மணிக்கட்டு வீச்சு அவளுக்கு வரவே இல்லை.

ஓங்கி அடிக்கிற அடி இல்லை அது. வட்டை மட்டையின் அடியில் ஒட்டவைத்துப் பின்னங்காலுக்குப் பக்கத்திலிருந்து இழுத்துக்கொண்டு வந்து, உடம்பின் கனத்தை முன்னங்காலுக்கு மாற்றி, கடைசி நொடியில் மணிக்கட்டைத் திருப்பி விடுவது. சத்தமே வராது. கோல்கீப்பர் நகர்வதற்குள் வட்டு தோளுக்கு மேலே போயிருக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நடக்கப் பழகியதும் அடுத்ததாகப் பழகுவது இதைத்தான்.

லோரெலுக்கு முதல் மட்டையை அறுத்துக் கொடுத்தவர் அவள் அப்பா ஓரெஸ்ட். பெரிய உடம்பு. கோதுமை மூட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடப்பார். அவருடைய மட்டையை ஏழு வயதுப் பெண்ணின் முகவாய்க்கு அறுத்தால் கையில் கிடைப்பது கடப்பாரை.

"கெட்டியா இருக்குப்பா" என்றாளாம் லோரெல்.

"மட்டை கெட்டியாத்தான் இருக்கும். நீதான் கெட்டியாகணும்" என்றாராம் அவர். கெட்ட மனிதர் இல்லை. அவருடைய அப்பா அவரிடம் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

அண்ணன் டுவேனுக்கும் ஆரம்பத்தில் அறுத்த மட்டைதான். பையன்களுக்கும் அதுதான் வழக்கம். ஆனால் பையன் கொஞ்சம் வளர்ந்து, 'இவன் ஆடுவான்' என்று தோன்றியதும் அப்பா அவனைச் சஸ்காட்டூன் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கடையில் அவன் எடைக்கேற்ற மட்டை வாங்கிக் கொடுப்பார். பெண் ஆடுவாளா என்று ஊர் யோசித்து முடிப்பதற்குள் அவள் பள்ளிக்கூடமே முடித்துவிடுகிறாள். அதுவரை அண்ணன் கழித்துப் போட்ட மட்டை. அண்ணன் வளர வளர மட்டை இன்னும் கெட்டி. அவள் முகவாய்க்கு இன்னும் அதிகமாக அறுக்க வேண்டும்.

வீச்சு எழும்பவில்லை என்றால் என்ன செய்வது? மணிக்கட்டை வலுவாக்கு என்றார்கள். துடைப்பக் கம்பின் நடுவில் கயிறு கட்டி, கயிற்றின் நுனியில் மணல் நிரப்பிய பெயின்ட் டப்பா. கம்பை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்து, கயிற்றைச் சுற்றிச் சுற்றி டப்பாவை மேலே ஏற்ற வேண்டும், பிறகு இறக்க வேண்டும். லோரெல் பள்ளி நாட்களிலிருந்து இதைச் செய்தாள். கோடையில் கொட்டகைக்குப் பின்னால் பழைய சமையல் மேடைப் பலகையைப் போட்டு மெழுகு தேய்த்து, தகரச் சுவரைப் பார்த்து அடித்துக்கொண்டே இருப்பாள். சாலையில் போகிறவர்களுக்கு அந்தத் தகரச் சத்தம் கேட்கும். சுவரில் விழுந்த பள்ளமெல்லாம் முழங்காலுக்குக் கீழேதான்.

டுவேன்தான் பிற்பாடு எங்கள் அணிக்குக் கோச் ஆனான். நல்ல ஆட்டக்காரன், வாய்தான் ஓயாது.

"லோரி, உன் மணிக்கட்டு இருக்கே, வேகாத பெரோகிக் கொழுக்கட்டை மாதிரி."

"பெரோகி வெந்தா மிதக்கும்டா. உன் மூளைய வேகவச்சாலும் அடியிலயேதான் கிடக்கும்."

இப்படியே போய்க்கொண்டிருந்தது, அந்த நவம்பர் வரை. பேருந்தின் கதவை ஓட்டுநர் வலக்கையால் நெம்பித் திறக்க வேண்டும். ஒரு நாள் காலையில் பள்ளிக்கூட வாசலில் நெம்பினாள், கை எழும்பவில்லை. மணிக்கட்டு வீங்கி, தொட்டால் சூடாக இருந்தது. நகரத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, தசைநாரின் உறை கிழியத் தொடங்கிவிட்டது என்றார்.

"இது ஒரு நாள்ல வந்தது இல்லம்மா. வருஷக்கணக்கா இந்தக் கைய எதையோ நெம்ப விட்டிருக்கீங்க."

"பஸ் கதவா இருக்குமா?"

"கதவு கடைசியா வந்தது. அதுக்கு முன்னாடி என்ன?"

அவள் ஞாபகத்துக்கு வந்தது கதவு மட்டும்தான். அறுவை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஆட முடியும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். இந்தக் குளிர்காலத்தைக் கட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாமா என்று கேட்டாள். அவர் சம்மதிக்கவும் இல்லை, கூடாது என்றும் சொல்லவில்லை.

அணியில் என்னிடம் மட்டும்தான் சொன்னாள். கான்டீனில் கிரேவி ஊற்றிய உருளைக்கிழங்கு வறுவலை முள்கரண்டியால் கிளறிக்கொண்டே இருந்தாள், வாயில் வைக்கவில்லை.

"எனக்குக் கோப்பையெல்லாம் வேணாம்டி. ஒரே ஒரு தடவை அது எழும்பிப் போறத நான் பாக்கணும். என் மட்டைலேர்ந்து. அவ்ளோதான். அப்புறம் கைய வெட்டினாலும் வெட்டட்டும்."

டிசம்பரில் ஒன்றும் நடக்கவில்லை. கட்டுக்கு மேல் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு ஆடினாள். ஒவ்வொரு வீச்சுக்கும் உதட்டைக் கடித்துக்கொள்வாள். வட்டு வழுக்கிக்கொண்டே போகும். டாக்டரிடம் போய்வந்த பிறகும் வீட்டுக் கொட்டகையில் பெயின்ட் டப்பாவை மட்டும் விடவில்லை. இதைவிடக் கொடுமை என்ன இருக்கிறது? எது கையைக் கிழித்ததோ அதையே மருந்து என்று நம்பிச் செய்துகொண்டிருந்தாள்.

ஜனவரியில் டுவேன் அவளை முதல் வரிசையிலிருந்து எடுத்துவிட்டான். பெஞ்சின் ஓரத்தில், ஐஸுக்குப் போகும் சின்னக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தான்.

"லோரி, மத்தவங்க உள்ள வர்றப்போ கதவத் திற. வாரம் பூரா பஸ் கதவு, ஞாயித்துக்கிழமை இந்தக் கதவு. பழகின வேலைதானே."

பெஞ்சில் சிரிப்பு எழுந்தது. லோரெல் கதவைத் திறந்தாள். இடக்கையால் திறந்தாள் என்பதை அவள் அண்ணன் கவனிக்கவில்லை.

எங்கள் அணியில் ஜோலீன் என்று ஒருத்தி அந்த வருடம்தான் சேர்ந்திருந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்க ரெஜைனா நகரத்திலிருந்து வந்தவள், சின்ன உடம்பு. அவளுடைய மட்டை கடையில் அவள் எடை சொல்லி வாங்கியது. தரையில் ஊன்றி அழுத்தினால் வளைந்து கொடுக்கும். அதற்கு 'நூடுல்ஸ்' என்று பெயர் வைத்திருந்தோம். "இன்னிக்கு நூடுல்ஸுக்கு சாஸ் ஊத்துனியா?" என்று ஆளாளுக்குக் கேட்போம். லோரெலும்தான் கேட்டாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு மதியம், பக்கத்து ஊர் அணியோடு ஆட்டம். பாதிப்பேர் காய்ச்சலில் படுத்துவிட்டார்கள். ஜோலீன் கணுக்கால் சுளுக்கிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். ஆள் இல்லாமல் டுவேன் லோரெலை இறக்கினான். மூன்றாவது பகுதியில், வட்டுக்காக இரண்டு பேர் முட்டிக்கொண்டபோது அவள் மட்டை படாரென்று இரண்டாக முறிந்தது. முறிந்த மட்டையோடு ஆடக் கூடாது. கீழே போட்டுவிட்டுப் பெஞ்சுக்குப் பாய்ந்து வந்தாள். மாற்று மட்டை அவள் காரில் கிடந்தது. ஜோலீன் தன்னுடையதை நீட்டினாள்.

"நூடுல்ஸ்தான் இருக்கு. புடி."

வாங்கிக்கொண்டு ஓடினாள். நான் பின்னாலிருந்து தள்ளிய வட்டு, கோலுக்கு முன்னால் ஐஸில் வரைந்த வலப்பக்க வட்டத்துக்குள் அவளிடம் போய்ச் சேர்ந்தது. முன்னால் யாரும் இல்லை, தள்ளிவிடுவதற்கும் யாரும் இல்லை. இத்தனை காலம் செய்தது போலவே வட்டை இழுத்துக்கொண்டு வந்து கீழ்க்கையை ஊன்றினாள். மட்டை வளைந்தது. அவள் கையின் கீழே அது வில் மாதிரி வளைந்ததை நான் எதிராளியின் பகுதி தொடங்கும் நீலக் கோட்டிலிருந்து பார்த்தேன். பிறகு நிமிர்ந்து வட்டை உந்திவிட்டது. வட்டு கோல்கீப்பரின் தோளுக்கு மேலே போய், மேல் கம்பியின் அடியில் உரசி, வலைக்குள் விழுந்தது.

நாங்கள் எல்லோரும் அவள் மேல் போய் விழுந்தோம். லோரெல் கையைத் தூக்கவில்லை, சிரிக்கவில்லை. எங்களை விலக்கிக்கொண்டு பெஞ்சுக்கு வந்தாள். மட்டையை ரப்பர் தரையில் ஊன்றி ஒரு தடவை அழுத்தினாள். வளைந்தது. இன்னொரு தடவை அழுத்தினாள். ஜோலீன், "உடைச்சிராதக்கா" என்றாள்.

உடைமாற்றும் அறைக்கு டுவேன் குதித்துக்கொண்டு வந்தான்.

"பாத்தியா? அப்பா சொன்னது சரியாப் போச்சு. பெயின்ட் டப்பா கடைசில வேலை செஞ்சிருச்சு."

"டப்பா இல்ல. மட்டை."

"மட்டைல என்ன இருக்கு? நூடுல்ஸ் அது."

"அதான். அது வளையுது."

"லோரி, நீ முப்பது வருஷம் உழைச்ச உழைப்ப யாரோ ஒருத்தியோட மட்டைக்குத் தூக்கிக் குடுக்காத."

அவன் அன்பாகத்தான் சொன்னான். லோரெல் ஒரு காலில் மட்டும் ஸ்கேட்டைக் கழற்றியிருந்தாள். மற்றக் காலைக் கழற்ற மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தாள், எல்லோரும் போன பிறகும்.

"நான் அவகிட்ட சாஸ் ஊத்துனியான்னு கேட்டேன்டி" என்றாள் என்னிடம்.

அடுத்த பயிற்சியில் ஒரு காரியம் செய்தாள். எங்களை வட்டத்தின் அதே இடத்தில் வரிசையாக நிற்கவைத்தாள். ஒவ்வொருத்தியும் முதலில் தன் மட்டையால் வீச வேண்டும், பிறகு ஜோலீனின் மட்டையால். எங்களில் பெரும்பாலோர் வைத்திருந்தவை அண்ணனுடையவை, கணவனுடையவை, அறுத்தவை. அவற்றால் அடித்தவை வழுக்கிக்கொண்டு போயின. ஜோலீனின் மட்டையில் எழும்பின. எல்லாம் இல்லை, எனக்கு ஒன்று கூரையைப் பார்த்துப் போனது. ஆனால் எழும்பின. கடைசியாக லோரெல் தன் காரில் இருந்த மாற்று மட்டையை எடுத்து வந்தாள். அதுவும் அறுத்ததுதான். அதைக்கொண்டு வீசினாள். வட்டு பழைய மாதிரியே ஐஸைத் தேய்த்துக்கொண்டு போனது.

"ஞாயித்துக்கிழமை இருந்த மணிக்கட்டுதான் இது. டப்பா எங்க போச்சு?" என்று அண்ணனைக் கேட்டாள்.

"களைச்சுப் போயிருப்ப. இல்லன்னா ஜோலீன் மட்டைல மந்திரம் வச்சிருக்கா."

"நீ மந்திரம்ங்கிற, நான் வளையுதுங்கிறேன். இதுல எதைச் சோதிச்சுப் பாக்க முடியும்? நீ உன் மட்டைய எப்பவாவது அறுத்திருக்கியா?"

"நான் எதுக்கு அறுக்கணும்? எனக்கு உயரம் சரியா இருக்கு."

"உனக்கு உயரமும் சரி, எடையும் சரி. உனக்காகவே செஞ்சது. எனக்கு?"

டுவேன் தன் மட்டையின் நுனியைத் திருப்பிப் பார்த்தான். பிறகு, "சின்ன வயசுலயே சொல்லியிருக்கலாம்ல" என்றான்.

"சொன்னேன். கெட்டியா இருக்குன்னு சொன்னேன். அப்பா என்னைக் கெட்டியாகச் சொன்னாரு. நீ பெரோகின்னு சொன்ன."

அவன் குனிந்து, சிதறிக் கிடந்த வட்டுகளை ஒவ்வொன்றாக வாளியில் பொறுக்கிப் போடத் தொடங்கினான். பொறுக்குவது கோச்சின் வேலை இல்லை.

ஏப்ரலில் கையை அறுத்தார்கள். உறை எதிர்பார்த்ததைவிட மோசமாகக் கிழிந்திருந்தது. இப்போது மணிக்கட்டு பாதி வரைக்கும்தான் திரும்பும். மட்டை பிடிக்க முடியாது. பேருந்துக் கதவை நெம்பவும் முடியாது என்பதால் அவள் வழித்தடத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மாலையில் பேருந்துகள் கொட்டகைக்குத் திரும்பிய பிறகு, இடக்கையால் அவற்றைக் கழுவுகிறாள். எழும்பிப் போனதைப் பார்க்க ஆசைப்பட்டாள், பார்த்துவிட்டாள். ஆனால் அந்தக் கோல் அவளுக்கு நிம்மதி தரவில்லை. அவள் மணிக்கட்டில் முதல் நாளிலிருந்தே ஒரு குறையும் இல்லை என்பதை அது காட்டிக்கொடுத்துவிட்டது. இல்லாத நோய்க்கு ஊர் மருந்து கொடுத்தது. அந்த மருந்துதான் கையைத் தின்றது.

ஊரில் என்ன பேசிக்கொண்டார்கள் தெரியுமா? லோரெல் ஷெவ்சுக் விடாமல் பயிற்சி செய்து கடைசியில் ஜெயித்தாள் என்று. அந்தக் கோடையில் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுக் கொட்டகைகளில் புதிதாகப் பெயின்ட் டப்பாக்கள் தொங்கின. இரண்டும் பெண் பிள்ளைகளுக்கு. பொய் இப்படித்தான் பரவுகிறது. அதற்குக் கெட்ட எண்ணம்கூடத் தேவைப்படுவதில்லை, நல்ல கதை ஒன்று போதும்.

லோரெல் அரங்கக் குழு கூட்டிய ஊர்க்கூட்டத்துக்குப் போனாள். ரம்பத்தை எடுத்துவிடுங்கள் என்றாள். அதற்குப் பதில் ஒரு பெட்டி வையுங்கள். பையன்கள் வளர்ந்ததும் தூக்கிப் போடுகிற சின்ன மட்டைகளை அறுக்காமல் அதில் போடட்டும். யாருக்கு எது வளைகிறதோ அதை எடுத்துக்கொள்ளட்டும். யாரும் எதையும் புதிதாக வாங்க வேண்டியதில்லை.

குழுத் தலைவர் ஹார்வி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னிக்கு ரம்பத்த எடுங்கம்பே. நாளைக்குக் கத்திரிக்கோல எடுங்கம்பே. இந்த ரம்பம் எங்கப்பா காலத்துலேர்ந்து இங்க தொங்குதும்மா."

"அதான் நானும் சொல்றேன், ஹார்வி. ரொம்ப காலமாத் தொங்குது."

"பெட்டிய எங்க வைக்கிறது? இடம் வேணாமா?"

"ரம்பம் இருந்த இடத்துல."

சிரித்தார்கள். வாக்கெடுப்பு நடந்தது. கட்டுப் போட்ட கையைத் தூக்க முடியாமல் லோரெல் இடக்கையைத் தூக்கினாள். நானும் ஜோலீனும் தூக்கினோம். எதிராக நிறையக் கைகள். டுவேன் கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். அவன் இரண்டு பக்கமும் கை தூக்கவில்லை. சோதனையைக் கண்ணால் பார்த்தவன் அவன். எதிர்த்தவர்கள்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சம்தான். அவன்மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.

செப்டம்பரில் சீசன் தொடங்கிய சனிக்கிழமை, லோரெல் ரம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். வரிசையில் முதலில் நின்றவர் கார்ட், உரக் கடைக்காரர். கூட அவர் மகள் ஆட்ரி. அவர் மட்டையை இரும்புப் பிடியில் வைத்தார்.

"கார்ட், அறுக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு நிமிஷம். அவள ஊன்றி அழுத்தச் சொல்லு."

"லோரி, வரிசை நிக்குது."

"நிக்கட்டும். ஆட்ரி, இங்க வா கண்ணு. தரைல ஊன்று. கீழ்க்கைய வச்சு அழுத்து. உன் கனம் பூரா."

அந்தப் பெண் அழுத்தினாள். கால் தரையிலிருந்து எழும்பியது. மட்டை அசையவில்லை.

"வளையலப்பா" என்றாள் ஆட்ரி.

"வளைஞ்சா உடைஞ்சிரும்டா செல்லம்" என்றார் கார்ட். பிறகு லோரெலைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "அவ இந்த வருஷம் ஆடுவாளோ என்னமோ. ஆடட்டும், அப்புறம் பாக்கலாம்" என்றார்.

அறுத்தார். கருப்புத் தூள் லோரெலின் பூட்ஸ்மேல் விழுந்தது. ஆட்ரி மட்டையை வாங்கி முகவாய்க்கு வைத்துப் பார்த்தாள். உயரம் சரியாக இருந்தது. லோரெல் நகரவில்லை. வரிசையில் அடுத்த ஆள் வந்தார். அவள் மறுபடியும் அதையே கேட்டாள். அன்று மூன்று அப்பாக்கள் அறுக்காமல் திரும்பிப் போனார்கள். மற்றவர்கள் அறுத்தார்கள்.

ரம்பம் இன்னும் அங்கேதான் தொங்குகிறது. அடுத்த செப்டம்பரிலும் லோரெல் அதன் பக்கத்தில் நிற்பாள். ஆனால் எல்லா ஊர் மேடைக்குப் பக்கத்திலும் அவள் நிற்க முடியாது. ஆகவே உங்களைக் கேட்கிறேன். இன்றைக்கே உங்கள் வீட்டுப் பெண்ணைக் கூப்பிடுங்கள். நீங்கள் அவள் கையில் கொடுத்ததைத் தரையில் ஊன்றி அழுத்தச் சொல்லுங்கள். அது ஹாக்கி மட்டையாக இல்லாமல் வேறு எதுவாக இருந்தாலும், யார் உடம்புக்குச் செய்தது என்று பாருங்கள். வளையவில்லை என்று அவள் சொன்னால் நம்புங்கள். ரம்பத்தைக் கீழே வையுங்கள். அடுத்த முறை உங்கள் ஊரில் இதற்காக யாராவது கை தூக்கச் சொன்னால், கடைசி நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருக்காமல் கையைத் தூக்குங்கள்.